சாம்பலும் செங்கல்லாகும்

நுழையும்முன்

தொழிற்சாலை பொருளைத் தருகிறது. உடன் கழிவையும் தருகிறது. அக்கழிவை எங்கே கொட்டுவது என்று கேட்டது நேற்றைய உலகம். எப்பொருளாக மாற்றுவது என்று கேட்கிறது இன்றைய பொறியியல். அக்கேள்விக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் கிடைத்துள்ள விடைகளையும், கிடைக்க வேண்டிய ஒரு விடையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காற்றும் கரியும்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்வோர், கயத்தாற்றை நெருங்குகையில் காற்றாலைகள் சுழல்வதைக் காண்பர். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்ட அவ்வூரில் இன்று காற்றாலைச் சோதனை நிலையமும் உள்ளது. மாவட்டத்தின் மேற்கில் காற்று மின்சாரமாகிறது. கிழக்கே கடற்கரையில் நிலக்கரி மின்சாரமாகிறது.

தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979ஆம் ஆண்டு மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 210 மெகாவாட் திறனுடைய ஐந்து அலகுகளாக அது வளர்ந்தது. இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. பெரும்பாலும் 100 கிலோ கரியை எரித்தால் 30 கிலோவுக்கு மேல் சாம்பல் எஞ்சும். அதனை நீரில் கரைத்துக் குட்டைகளில் தேக்கினால் நிலம் வீணாகும். உலர்ந்தால் காற்றில் பறக்கும். அதிலுள்ள உலோகக் கூறுகள் நிலத்தடி நீரையும் கெடுக்கக்கூடும்.

சாம்பலின் மறுபிறப்பு

இச்சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் நிறைந்துள்ளன. சுண்ணாம்பும் நீரும் சேரும்போது அவை வினைபுரிந்து இறுகுகின்றன. எனவே, புகைபோக்கியை அடையும் முன்னரே நிலைமின் வீழ்படிவாக்கியால் பிடிக்கப்படும் உலர்சாம்பல், சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்கிறது. போசலானா சிமெண்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை உலர்சாம்பல் சேர்க்க இந்தியத் தரநிர்ணயம் இசைவளிக்கிறது. சாம்பல் செங்கல்லுக்குச் சூளையும் வேண்டா. வயலின் வளமான மேல்மண்ணும் வேண்டா.

தெரிந்து தெளிவோம்

அனல்மின் நிலையச் சாம்பலைப் பயன்படுத்துவதற்கான அறிவிக்கையை மைய அரசு 1999ஆம் ஆண்டு வெளியிட்டது. 2021ஆம் ஆண்டின் அறிவிக்கை, சாம்பல் முழுவதையும் பயன்படுத்தும் பொறுப்பை மின்நிலையங்களுக்கு வகுத்தது.

புகையும் மூலப்பொருளே

கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் தேவையான சோடா உப்பைத் தயாரிக்க, உப்பும் அம்மோனியாவும் கார்பன் டைஆக்சைடும் வேண்டும். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், கொதிகலன் புகையிலிருந்தே அவ்வாயுவைப் பிரித்தெடுக்கும் அமைப்பு 2016ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிப்பது அதன் இலக்கு. கரைப்பான் ஒன்று புகையிலுள்ள வாயுவை உறிஞ்சும். சூடேற்றினால் அதனை விடுவிக்கும். கரைப்பான் மீண்டும் பயன்படும். இத்தொழில்நுட்பத்தை வளர்த்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இளைஞர்கள்.

எனினும், சோடா உப்பு கண்ணாடி உலையில் உருகும்போது அவ்வாயு மீண்டும் வெளியேறும். ஒரு கழிவு உண்மையாகவே குறைந்ததா, இடம் மட்டும் மாறியதா என்று இறுதிவரை கணக்கிடுவதும் பொறியாளரின் கடமையாகும்.

காத்திருக்கும் பணிகள்

இத்துறை ஒரே படிப்புக்கு உரியதன்று. கழிவின் இயல்பை ஆராய்ந்து வினைகளை வகுப்பவர் வேதிப்பொறியாளர். புதுப்பொருளின் வலிமையைச் சோதிப்பவர் கட்டுமானப் பொறியாளர். எந்திரங்களை வடிவமைப்பவர் எந்திரப் பொறியாளர். நீர், காற்று, மண் ஆகியவற்றின் பாதுகாப்பை உறுதிசெய்பவர் சுற்றுச்சூழல் பொறியாளர். மேல்நிலை வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் பயின்றோர் இப்படிப்புகளில் சேரலாம். பல்தொழில்நுட்பக் கல்லூரிப் பட்டயமும் வாயில் திறக்கும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமும், சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆய்வு நிறுவனமும் ஆய்வு நாட்டமுடையோர் அறிந்திருக்க வேண்டியவை.

கயத்தாற்றின் கேள்வி

காற்றாலைக்குப் புகையில்லை, ஆயினும் முதுமை உண்டு. ஏறத்தாழ 20 முதல் 25 ஆண்டுகளே அதன் ஆயுள். கோபுரத்தின் எஃகையும் மின்னாக்கியின் செம்பையும் உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். இறக்கைகளோ கண்ணாடி இழையும் பிசினும் இறுகிப் பிணைந்தவை. எளிதில் உருகா, மட்கா. ஐரோப்பாவில் அவற்றைத் துண்டாக்கிச் சிமெண்ட் சூளையில் எரிக்கின்றனர்; பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடி மூலப்பொருளாகிறது. இழையைச் சிதைக்காமல் குறைந்த செலவில் பிரித்தெடுக்கும் வழியை ஆய்வாளர்கள் தேடிவருகின்றனர். அவ்விறக்கைகளின் நிழலில் நடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவர் ஒருவரே நாளை அவ்வழியைக் காணலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள ஒரு தொழிலில் எஞ்சும் கழிவு எது? அதனை எவ்வாறு பயன்படுத்தலாம்? குழுவாகக் கலந்துரையாடுக.
2. சூளைச் செங்கல், சாம்பல் செங்கல் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.