உயிரணுவுக்குள் கயிறு திரிக்கும் புரோட்டீன்

வீட்டுக்குத் தூணும் உத்திரமும் போல உயிரணுவுக்கும் ஒரு சட்டகம் உண்டு. ஆயினும், தூண் நாட்டிய இடத்திலேயே நிற்கும். உயிரணுவின் சட்டகமோ ஓயாமல் கட்டப்பட்டும் கலைக்கப்பட்டும் வருகிறது. உயிரணு ஊர்வதும், பரவுவதும், இரண்டாகப் பிரிவதும் இதனாலேயே இயலுகின்றன.

ஆக்டின்

இச்சட்டகத்தின் முக்கிய மூலப்பொருள்களுள் ஒன்று ஆக்டின் என்னும் புரோட்டீன் ஆகும். 1942-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி புருனோ ஸ்ட்ராப் தசையில் இதனைக் கண்டறிந்தார். மணி போன்ற ஆக்டின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, இரு புரிகளை முறுக்கியது போன்ற இழையாகின்றன. இழையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு.

ஃபார்மின்

இழை எங்கு, எப்பொழுது தோன்றவேண்டும் என்பதை நிருணயிக்கும் புரோட்டீன்களுள் ஃபார்மின் ஒன்று. மனித உடலில் இதில் 15 வகைகள் உள்ளன. கயிறு திரிப்பவர் நாரைச் சேர்த்துக்கொண்டே பின்னோக்கி நடப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். ஃபார்மினும் இழையின் வளரும் நுனியைப் பற்றியவாறு, புதிய மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டே நகர்கிறது. வேலையில்லாதபொழுது பல ஃபார்மின்கள் தம்மைத் தாமே மடித்துப் பூட்டிக்கொள்கின்றன. 'ரோ' எனப்படும் வேறொரு வகைப் புரோட்டீன் வந்து இணையும்பொழுது அப்பூட்டுத் திறக்கிறது.

பெங்களூரு ஆராய்ச்சி

பெங்களூருவில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய உயிரியல் விஞ்ஞான மையம் உள்ளது. அங்கு சத்யஜித் மேயர் குழுவினர், உயிரணுவின் மேற்சவ்வில் சில புரோட்டீன்கள் சிறுசிறு திரள்களாகக் கூடுவதை ஆராய்ந்தனர். சவ்வின் அடியிலுள்ள ஆக்டினின் இயக்கமே அவற்றைக் கூட்டுகிறது என்று 2008-இல் வெளியிட்டனர். 2019-இல் மேலும் ஒரு படி விளங்கியது. உயிரணு தனக்கு ஏற்ற பரப்பைத் தொட்டதும் அச்செய்தி 'ரோ' வழியாக ஃபார்மினை எட்டுகிறது. ஃபார்மின் இழைகளை வளர்க்கிறது. சவ்வில் திரள்கள் உண்டாகின்றன. திரள்வது தடைப்பட்டால் உயிரணு செவ்வனே பரவுவதில்லை. உயிரணுக்கள் பரவியும் நகர்ந்துமே புண்ணை மூடுகின்றன என்பதை எண்ணினால் இதன் முக்கியத்துவம் புலப்படும்.

ஒழுங்கு குலைந்தால்

உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்களைத் தாங்குபவையும் ஆக்டின் இழைகளே. கோஸ்டாரிக்கா நாட்டில் ஒரே குடும்பத்தார் பலர் தலைமுறைதோறும் படிப்படியாகச் செவிப்புலனை இழந்து வந்தனர். ஃபார்மின் மரபணு ஒன்றில் நேர்ந்த சிறு மாறுதலே இதற்குக் காரணம் என 1997-இல் கண்டறியப்பட்டது.

ஆசிரியர்களுக்கு

உயிரணுவின் படத்தில் சட்டகத்தை அசையாத கோடுகளாக வரைந்து விட்டுவிடலாகாது. மாணவரைக் கொண்டு நூலில் மணிகளை ஒரு முனையில் கோக்கவும், மறுமுனையில் கழற்றவும் செய்து காட்டலாம். கோப்பதும் கழற்றுவதும் ஈடாக நடக்கும்பொழுது நீளம் மாறாது. ஆனால் மணிகள் மாறிக்கொண்டே இருக்கும்.