கண்ணாடி இல்லாத குழாய் நடத்திய லென்சுப் பாடம்

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகிறேன். குவிலென்சின் கதிர்ப்படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கூட வரைந்துவிடுவேன். பொருளை 2F-இல் வைத்தால் அதே அளவுள்ள, தலைகீழான பிம்பம் மறுபக்கம் 2F-இல் கிடைக்கும் என்பதை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் ஒரு மாணவியின் கேள்வி, அந்த வரி எனக்கே முழுமையாகப் புரியவில்லை என்பதைக் காட்டிவிட்டது.

எங்கள் பள்ளியில் படித்து, இப்போது பக்கத்து ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஆண்டுவிழாவைப் படமெடுக்க வந்திருந்தார். அவர் பையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தன. “இது எக்ஸ்டென்ஷன் டியூப், டீச்சர். கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவுல மாட்டினா எறும்பைக்கூடப் பெருசா எடுக்கலாம்” என்றார். சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி ஒரு வளையத்தை வாங்கி, அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். “டீச்சர், இதுல கண்ணாடியே இல்லையே! அப்புறம் எப்படிப் பெருசாத் தெரியும்?”

“நாளைக்குச் சொல்றேன்மா” என்றேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து தேடிய பதிலையே மறுநாள் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்த்தேன். அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

செயல்பாடு 1: கேமரா இல்லாமலே தொடங்கலாம்

தேவையானவை: 10 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்சு, லென்சுத் தாங்கி, வெள்ளைத் திரை, மீட்டர் அளவுகோல், கைபேசி டார்ச். மெழுகுவர்த்திச் சுடர் காற்றில் ஆடும், அளவெடுப்பது கடினம். அதற்குப் பதிலாக ஓர் அட்டையில் அம்புக்குறி வெட்டி, அதன் பின்னால் டார்ச்சை வைத்துவிட்டால் பொருள் தயார். ஜன்னல்களைச் சாத்திவிட்டால் போதும்.

முதலில் தொலைவில் உள்ள மரத்தின் பிம்பத்தைத் திரையில் விழவைத்துக் குவியத் தொலைவைக் கண்டறிய வேண்டும். பிறகு அம்புக்குறியை லென்சிலிருந்து 60, 30, 20, 15 செ.மீ. தொலைவுகளில் வைத்து, ஒவ்வொரு முறையும் தெளிவான பிம்பம் கிடைக்கும் இடத்துக்குத் திரையை நகர்த்த வேண்டும். (இங்கு குறிகளை விட்டுவிட்டு எண்மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். சூத்திரத்தில் பிரதியிடும்போது u-க்குக் குறை குறி இடுவதை நினைவூட்டுக.) கிடைக்க வேண்டிய விடைகள்:

பொருள் 60 செ.மீ.: திரை 12 செ.மீ., உருப்பெருக்கம் 0.2
பொருள் 30 செ.மீ.: திரை 15 செ.மீ., உருப்பெருக்கம் 0.5
பொருள் 20 செ.மீ.: திரை 20 செ.மீ., உருப்பெருக்கம் 1
பொருள் 15 செ.மீ.: திரை 30 செ.மீ., உருப்பெருக்கம் 2

இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “பொருள் கிட்ட வரவரத் திரை என்ன ஆகுது?” “பின்னால போகுது டீச்சர்” என்று வகுப்பே சொன்னது.

அடுத்து, திரையின் தொலைவிலிருந்து குவியத் தொலைவான 10-ஐக் கழிக்கச் சொன்னேன். 2, 5, 10, 20 என்று வந்தது. அவற்றை 10-ஆல் வகுக்கச் சொன்னேன். 0.2, 0.5, 1, 2. “டீச்சர், உருப்பெருக்கமே வருது!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். திரை குவியத்தைத் தாண்டி எவ்வளவு பின்னால் போகிறதோ, அதைக் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம். நான் எழுதிப் போடாத ஒரு சூத்திரத்தைப் பிள்ளைகளே தங்கள் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

குழாயின் வேலை என்ன?

கேமராவில் திரைக்குப் பதிலாகச் சென்சார் இருக்கிறது. அதை நகர்த்த முடியாது. லென்சைத்தான் முன்னால் நகர்த்த வேண்டும். கேமரா லென்சில் உள்ள குவியவளையத்தைத் திருப்பும்போது நடப்பது அதுதான். ஆனால் அந்த நகர்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதனால்தான் சாதாரண 50 மி.மீ. லென்சைக் கொண்டு ஒரு பூச்சியை மிக நெருங்கிப் படமெடுத்தால் தெளிவு கிடைப்பதில்லை. இடையில் ஒரு வெற்றுக் குழாயை மாட்டினால் லென்சு மேலும் முன்னால் வந்துவிடுகிறது. பெரிதாக்கும் வேலையை ஏற்கெனவே உள்ள லென்சே செய்கிறது. அதற்குத் தேவையான தொலைவை மட்டும் குழாய் கொடுக்கிறது. பழைய ஸ்டுடியோக்களில் இருந்த துருத்திக் கேமராவில், துருத்தியை இழுத்து நீட்டியதும் இதே வேலைக்குத்தான்.

50 மி.மீ. லென்சுடன் 50 மி.மீ. நீளக் குழாயை மாட்டினால் உருப்பெருக்கம் 1. அப்போது பொருளும் 100 மி.மீ. தொலைவில், பிம்பமும் 100 மி.மீ. தொலைவில். அதாவது இரண்டுமே 2F-இல்! நான் இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய வரி அன்றுதான் என் கண் முன்னே உயிர் பெற்றது.

செயல்பாடு 2: கணித்துப் பார், எடுத்துப் பார்

அந்தப் பழைய மாணவர் கேமராவை ஒரு சனிக்கிழமை கொண்டுவந்து தந்தார். அவரிடம் இருந்த குழாய்கள் 12, 20, 36 மி.மீ. நீளமுள்ளவை. கேமராவின் சென்சார் அகலம் சுமார் 24 மி.மீ. லென்சின் குவியவளையத்தை ஈறிலாத் தொலைவுக்குத் திருப்பி வைத்துவிட்டு, சாதாரண அளவுகோலைப் படமெடுத்தால் படத்தின் அகலத்தில் எத்தனை மி.மீ. அடங்கும் என்று முதலில் கணிக்கச் சொன்னேன்.

12 மி.மீ. குழாய்: உருப்பெருக்கம் 0.24, அடங்குவது 100 மி.மீ.
20 மி.மீ. குழாய்: உருப்பெருக்கம் 0.4, அடங்குவது 60 மி.மீ.
36 மி.மீ. குழாய்: உருப்பெருக்கம் 0.72, அடங்குவது சுமார் 33 மி.மீ.

20 மி.மீ. குழாயில் எடுத்த படத்தில் 60 அல்ல, 58 கோடுகளே தெரிந்தன. “தப்பாயிடுச்சு” என்று முகம் வாடியவர்களிடம் காரணம் தேடச் சொன்னேன். சென்சாரின் அகலம் 24 அல்ல, 23.5 மி.மீ. எனக் கேமராவின் கையேட்டில் ஒரு மாணவன் கண்டுபிடித்தான். குவியவளையம் சற்று நகர்ந்திருக்கலாம் என்றாள் ஒரு மாணவி. கேமரா லென்சு என்பது பல லென்சுகளின் தொகுப்பு, நம் சூத்திரம் மெல்லிய ஒற்றை லென்சுக்கானது என்று நான் சேர்த்துக்கொண்டேன். பிழையைப் பற்றிப் பேசிய அந்தப் பத்து நிமிடம்தான் அன்றைய வகுப்பின் சிறந்த பகுதி.

குழாய் எடுத்துக்கொள்ளும் விலை

பெரிதாகத் தெரிவதற்கு ஈடாக நாம் மூன்றை இழக்கிறோம்.

ஒளி: லென்சு தள்ளிப் போகும்போது அதே ஒளி அதிகப் பரப்பில் பரவுகிறது. பிம்பத் தொலைவு 50-லிருந்து 100 ஆனால், இரண்டின் வர்க்கம் நான்கு. ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். கேமராவின் ஒளிமானி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் ஷட்டர் மெதுவாகி, கை நடுங்கினால் படம் கலங்கும். வெள்ளை சார்ட் தாளைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைத் திருப்பிவிட்டால் பெரிதும் உதவும்.

தெளிவின் ஆழம்: உருப்பெருக்கம் 1-ஐ நெருங்கும்போது, துளையை f/8 அளவுக்குச் சுருக்கினாலும் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் 1 மி.மீ.க்கும் குறைவே. வளையத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதை விட, கேமராவோடு உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துத் தெளிவைப் பிடிப்பது எளிது.

தொலைவு: பொருளுக்கும் லென்சுக்கும் இடையில் அரைச் சாண் கூட இருக்காது. கேமராவின் நிழலே பூச்சியின் மேல் விழும். குழாய் மாட்டியிருக்கும்போது தொலைவில் உள்ளவை தெளிவாகவும் தெரியாது.

வாங்க நினைப்போர் கவனத்துக்கு: மின்தொடர்பு இல்லாத மலிவான குழாய்களில், பல புதிய லென்சுகளின் துளையளவைக் கேமராவால் மாற்ற முடியாது. துளைவளையம் உள்ள பழைய லென்சு இருந்தால் கவலையில்லை. குழாயை மாட்டும்போது கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். தூசி உள்ளே போகாது.

எருக்கஞ்செடியில் ஒரு தவறு

பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டிய எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிட்டிருந்தது. இலையின் அடியில் ஒற்றை முட்டை. ஏறத்தாழ 1 மி.மீ. உயரம். செடியருகில் காற்று அடித்ததால், இலையைப் பறித்து வகுப்பறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். 12, 36 இரண்டு குழாய்களையும் சேர்த்து மாட்டியதில் உருப்பெருக்கம் கிட்டத்தட்ட 1 கிடைத்தது. முட்டையின் மேலிருந்து கீழாக ஓடும் வரிவரியான மேடுகள் அழகாகப் பதிந்தன. எல்லோரும் கைதட்டினோம்.

இரண்டே நாளில் இலை வாடிச் சுருண்டது. முட்டை பொரியவே இல்லை. குழாயில் கண்ணாடி இல்லையே என்று கேட்ட அதே மாணவி, “நாம பறிக்காம இருந்திருந்தா பொரிச்சிருக்கும்ல டீச்சர்?” என்றாள். “ஆமாம்மா, நான்தான் தப்பு பண்ணிட்டேன்” என்று வகுப்பின் முன் சொன்னேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும் பாதிப்பு வரும். அந்த வகையிலும் இலையைப் பறிக்கச் சொன்னது தவறுதான்.

அன்று பிள்ளைகளே ஒரு விதி எழுதி ஒட்டினார்கள்: ‘பூச்சி கேமராவிடம் வராது; கேமராதான் பூச்சியிடம் போகும்.’ அதன்பின் காற்று குறைவாக உள்ள காலை வேளையில், வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் செடியருகிலேயே படமெடுத்தோம். அடுத்து வந்த புழுக்களில் மூன்று இணைக் கறுப்பு இழைகளும், முன்னால் மூன்று இணை உண்மைக் கால்களும், பின்னால் சதைப்பற்றான ஐந்து இணைப் போலிக்கால்களும் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. ‘பூச்சிக்கு ஆறு கால்தானே, புழுவுக்கு ஏன் இவ்வளவு?’ என்ற கேள்விக்கு விளக்கம் தேவைப்படவே இல்லை.

கேமரா கிடைக்காத பள்ளிகளுக்கு

கைபேசிக் கேமராவின் முன் ஆய்வகக் கைலென்சைப் பிடித்தாலும் அண்மைப் படம் எடுக்கலாம். ஆனால் தத்துவம் வேறு. குழாய் பிம்பத் தொலைவைக் கூட்டுகிறது. கூடுதல் லென்சு மொத்தக் குவியத் தொலைவைக் குறைக்கிறது. இரண்டையும் ஒப்பிடச் சொன்னால் லென்சின் திறன் பாடத்துக்கு நல்ல நுழைவாயில். தொடக்க வகுப்புகளில் சூத்திரம் வேண்டாம். செம்பருத்தியின் மகரந்தம், எறும்பின் உணர்கொம்பு, கோலமாவுத் துகள் ஆகியவற்றைப் படமெடுத்து, ‘இது என்ன?’ என்று கேட்டாலே போதும். கணித ஆசிரியர்கள் விகிதத்துக்கும் வர்க்கத்துக்கும் அளவுகோல் படங்களைப் பயன்படுத்தலாம்.

வாடிய இலையின் முட்டைப் படத்தை அச்சிட்டு ஆய்வகச் சுவரில் மாட்டியிருக்கிறோம். படத்தின் அகலம் 24 செ.மீ.; அதில் முட்டை 1 செ.மீ. ஒவ்வோர் ஆண்டும் ஒளியியல் பாடத்தை இப்போது அந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறேன். பெரிதாக்கியது எது என்று முதலில் கேட்கிறேன். அந்த முட்டைக்கு என்ன ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.