புள்ளியை எண்ணுமுன் போக்கைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய ஆய்வுத் திட்ட வரைவைப் படித்தேன். நரம்பணுக்களில் ஆட்டோஃபேஜி (செல் தன் கழிவைத் தானே செரிப்பது) என்பது நல்ல தலைப்புதான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ‘எல்சி3 புள்ளிகளை எண்ணுதல்’ என்றே இருக்கிறது. செல்லைப் பட்டினி போடுவது, புள்ளி கூடினால் ஆட்டோஃபேஜி கூடியது என்று எழுதிவிடுவது, இதுதானே உன் கணக்கு? அது போதாதம்மா.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரியும் ஒரு படத்தைக் காட்டி, இன்று ஜனம் அதிகம் என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வாயா? பஸ்ஸே வராமலும் இருந்திருக்கலாம். எல்சி3 என்பது கழிவைச் சுற்றி வளைத்த ஆட்டோஃபேகோசோம் பைகளில் ஒட்டும் புரதம்; அந்தப் பைகள் நிறைய உண்டானாலும் புள்ளி கூடும். உண்டானவை செரிக்கும் இடமான லைசோசோமைச் சேராமல் தேங்கினாலும் கூடும். இரண்டும் நேரெதிரான செய்திகள்.

யோஷினோரி ஓசுமி டோக்கியோவில் செய்த சோதனையை மறுபடி படி. செரிமான நொதிகள் இல்லாத ஈஸ்ட் ரகத்தை எடுத்துப் பட்டினி போட்டார். வந்து சேர்ந்த பைகள் கரைய வழியில்லாமல், ஈஸ்டின் செரிமான அறையான வாக்குவோலுக்குள் குவிந்து, சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே துள்ளித் திரிந்தன. கடைசிப் படியை அவரே அடைத்து வைத்திருந்ததால் அந்தக் குவியலுக்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும். அதே உத்தியைக் கொண்டு குறையுள்ள ஈஸ்ட் வகைகளைத் தேடி, ஆட்டோஃபேஜிக்குத் தேவையான 15 மரபணுக்களை 1993இல் அடையாளம் காட்டினார். 2016இல் நோபல் பரிசு. நீ பாஃபிலோமைசின் போட்டு லைசோசோமின் வேலையை நிறுத்திவிட்டு எண்ணினால், அவர் செய்ததையே செய்கிறாய். மருந்து போட்ட தட்டு, போடாத தட்டு இரண்டும் இல்லாமல் எந்த எண்ணையும் எழுதாதே.

சரி, இதெல்லாம் அளவிடும் முறை. எனக்கு உண்மையில் ஆசை, நீ போக்குவரத்தைப் பற்றியே ஆய்வு செய்ய வேண்டும் என்பது. எத்தனை பை என்பதைவிட எந்தப் பையை எப்போது எங்கே அனுப்புவது என்பதில்தான் செல்லின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

ஏடிஜி9 என்னும் புரதத்தை எடுத்துக்கொள். ஆட்டோஃபேஜியின் அடிப்படைப் புரதங்களில் சவ்வை ஊடுருவிப் பலமுறை வளைந்து கிடப்பது இது ஒன்றுதான். ஈஸ்டில் இதைச் சுமந்து கோல்கியிலிருந்து கிளம்பும் நுண்பைகள் 30 முதல் 60 நானோமீட்டர்தான். ஏறக்குறைய மூன்று பைகள் கூடினால் போதும், ஓர் ஆட்டோஃபேகோசோமுக்கு அடித்தளம் விழுந்துவிடும். பிறகு ஏடிஜி2 எண்டோபிளாஸ்மிக் வலையிலிருந்து கொழுப்பைக் கொண்டுவந்து சவ்வின் ஒரு பக்கம் சேர்க்க, ஏடிஜி9 அதை மறுபக்கத்துக்கும் பகிர்ந்துவிடும். உணவு இருக்கும்வரை டார் என்னும் கைனேஸ் நொதி இந்த வேலையைத் தொடங்கவிடாது.

பாலூட்டிகளில் இதற்கு இணையான ஏடிஜி9ஏவைக் கோல்கியிலிருந்து வெளியே அனுப்புவது ஏபி-4 என்னும் புரதக் கூட்டு. அதன் நான்கு துண்டுகளில் எது கெட்டாலும் விளைவு ஒன்றே: ஏடிஜி9ஏ கோல்கியிலேயே தேங்கும், நரம்பணுவின் நீண்ட இழையான ஆக்சானின் நுனிக்குப் போதுமான அளவு போகாது. சிறு வயதிலேயே கால்கள் விறைத்து நடை கெடும் பரம்பரை நோய் வருகிறது. அனுப்பும் இடத்தில் நேர்ந்த பிசகு, பாப்பா. இந்த ஒரு நோய்க்காகவே உன் தலைப்பை நான் மதிப்பேன்.

நரம்பணுவில் இன்னொரு சிக்கல் தூரம். ஆட்டோஃபேகோசோம் பெரும்பாலும் ஆக்சான் நுனியில் உண்டாகிறது. செல்லுடலை நோக்கி நுண்குழல்களின் மேல் நெடுவழி போக வேண்டும். மோட்டார் புரதங்களில் டைனீன் உள்ளே இழுக்கும், கைனெசின் வெளியே இழுக்கும். இரண்டுமே ஒரே பையில் ஒட்டியிருக்கும். ஜேஐபி1 என்னும் புரதம் கைனெசினை எழவிடாமல் வைத்திருப்பதால்தான் பயணம் ஒருதிசையாகிறது. பார்க்கின்சன் நோயில் காணப்படும் ஒரு திரிபு எல்ஆர்ஆர்கே2 கைனேஸை மிகையாக இயங்கவைத்து, கைனெசினைத் தட்டி எழுப்பிவிடுகிறது. பைகள் நின்று நின்று தடுமாறுகின்றன. உன் புள்ளிக் கணக்கில் இது தெரியவே தெரியாது. உயிருள்ள செல்லைப் படமெடுத்துக் கைமோகிராஃப் (தூரம்-நேரம் வரைபடம்) போட்டால் சாய்கோடுகள் நிமிர்ந்து நிற்பதைக் கண்ணாலேயே காணலாம்.

பை லைசோசோமோடு இணையும் நேரத்துக்கும் காவல் உண்டு. இணைப்புக்கு வேண்டிய சின்டாக்ஸின்17 என்னும் புரதம் வாய் மூடிய பையில்தான் வந்து அமரும். மூடாத பையோடு லைசோசோம் இணைந்தால் நொதி வெளியே சிந்திவிடும் அல்லவா? 2012இல் மிசுஷிமாவின் குழு இதைக் காட்டியது. அந்தக் கட்டுரையை அச்செடுத்தே படி, கைபேசியில் வேண்டாம்.

பச்சை, சிவப்பு இரண்டும் சேர்ந்த எல்சி3 வைத்துக்கொள். அமிலத்தில் பச்சை மங்கும், சிவப்பு நிற்கும். எங்கே எப்போது இணைந்தது என்று தெரியும். அளவுக்கு மீறி அந்தப் புரதத்தைச் செல்லில் உண்டாக்காதே, வெறும் திரட்டுகள்கூடப் புள்ளிபோல மின்னும். படமெடுக்கும்போது தட்டின் வெப்பம் 37 டிகிரியில் நிற்கிறதா என்று நீயே பார். மோட்டார் புரதங்களின் வேகம் குளிரில் குறைந்துவிடும், பிறகு நோயென்று எழுதிவைப்பாய்.

வரைவைத் திருத்தி முதலில் எனக்கு அனுப்பு, பிறகு உன் வழிகாட்டியிடம் கொடு. எனக்கென்னவோ இரண்டாம் அத்தியாயத்தை முழுக்க ஏபி-4க்கே ஒதுக்கலாம் என்று தோன்றுகிறது, அவரிடமும் கேட்டுவிடு.

அன்புடன்,
மாமா