சரக்கு வண்டியின் அச்சு: எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றியே ஆகவேண்டும்?



கடைக்குத் தராசு எப்படியோ, அப்படித்தான் இன்று நமக்குச் சரக்கு வண்டியும். நெரவி, திருமலைராயன்பட்டினம் பக்கம் ஒரு காலத்தில் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய மூட்டைகள் இப்போது மினி லாரியிலும் ஆம்னி வேனிலும் லோடு ஆட்டோவிலும் வருகின்றன. 2005-ல் டாடா ஏஸ் விற்பனைக்கு வந்த பிறகு மளிகைக் கடைக்காரர்கள் பலர் சொந்த வண்டியே வாங்கிவிட்டார்கள். வண்டி வாங்கும்போது இன்ஜினைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம். சக்கரத்தைத் தாங்கும் அச்சையும் அதன் பேரிங்கையும், அவை சத்தம் போட்டுக் கூப்பிடும் வரை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதில் பணம் மட்டுமல்ல, உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. பெரிய லாரியில் சக்கரத்தின் பாரத்தை அச்சின் வெளி உறை தாங்குகிறது. உள்ளே இருக்கும் தண்டு, அதாவது ஆக்சில் ஷாஃப்ட், சக்கரத்தைச் சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. அது முறிந்தால் லாரி நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் கார், வேன் வகையைச் சேர்ந்த சிறு வண்டிகள் பலவற்றில் அந்தத் தண்டே பாரத்தையும் தாங்குகிறது, சக்கரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. தண்டு முறிந்தாலோ, அதன் பேரிங் பிடி விட்டாலோ சக்கரமே கழன்று ஓடும். ஆகவே சிறு வண்டிதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

பாரமும் ஆயுளும்

பேரிங் தயாரிப்பாளர்கள் உலகெங்கும் ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. குண்டு பேரிங் மீது விழும் பாரம் இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்று நினைப்போம். அப்படியல்ல, எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒன்றரை மடங்கு என்றாலே ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். உருளை பேரிங்கில் இன்னும் சற்று அதிகமாகவே குறையும்.

இதை நம் சரக்கில் வைத்துப் பாருங்கள். முக்கால் டன் வண்டி என்றால் 750 கிலோ. 50 கிலோ சீனி மூட்டை 15 போட்டால் கணக்கு முடிந்தது. 26 கிலோ அரிசிச் சிப்பம் 28 போட்டாலே 728 கிலோ ஆகிவிடும். ஆனால் கிடங்கு வாசலில் நின்று, "இன்னும் நாலு மூட்டை போடுங்க முதலாளி, இன்னொரு நடை மிச்சமாகும்" என்று கேட்பது வழக்கமாக இருக்கிறது. மொத்த வியாபாரிகளான நாமும் விற்பனை ஆகிறதே என்று ஏற்றி அனுப்பிவிடுகிறோம். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் எச்சரித்திருக்கிறார். நாம் ஏற்றுவதோ சீனியும் எண்ணெய் டின்னும்!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு 2019-ல் திருத்தப்பட்டது. அதன்படி அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். இதில் மிச்சப்படுத்திய நடைக்கூலி எங்கே போயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

உப்பும் மழைத் தண்ணீரும்

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. அதோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்டவேண்டியும் வரும். ஓடிச் சூடான சக்கரக் குடம் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அச்சின் உறையில் உள்ள காற்றுத் துளை வழியாகவும் தண்ணீர் போகும். சில வாரம் கழித்து பேரிங்கில் துருப் புள்ளி விழும், பிறகு உறுமல் தொடங்கும். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் போன்ற வெள்ளக் காலத்தில் சக்கரக் குடம் மூழ்கும்படி ஓடிய வண்டியை உடனே திறந்து பார்ப்பதே நல்லது. பின் அச்சின் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். அந்த ஆயிலை முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

அச்சு சொல்லும் அடையாளங்கள்

1. வேகம் கூடக் கூட ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து உறுமல் கூடினால் பேரிங் தேய்ந்திருக்கலாம். வண்டியை வலப்பக்கம் திருப்பும்போது பாரம் இடச் சக்கரத்தின் மேல் சாயும். அப்போது சத்தம் அதிகமானால் இடப்பக்கத்தைச் சந்தேகிக்கவும். இடப்பக்கம் திருப்பும்போது அதிகமானால் வலப்பக்கம்.

2. ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கு கட்டை கொடுத்த பின் முன் டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் குறை பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட்டில்.

3. ஓடி வந்து நின்றதும் நான்கு சக்கரக் குடங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் பேரிங் இறுகியிருக்கும், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்.

4. பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். அந்த எண்ணெய் பிரேக் கட்டையில் பட்டால் ஒரு பக்கம் பிரேக் பிடிக்காது.

5. முன் சக்கரம் இழுக்கும் கார்களில், முழுதாகத் திருப்பும்போது "டக் டக்" என்ற சத்தம் வந்தால் சக்கரத்தை ஒட்டிய ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. அதன் ரப்பர் உறை கிழிந்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

எதைச் சரிசெய்யலாம்?

ரப்பர் உறை கிழிந்தது உடனே கண்ணில் பட்டால், ஜாயின்ட்டைக் கழுவிப் புது கிரீஸ் வைத்து உறையை மட்டும் மாற்றினால் போதும். மண் புகுந்து சத்தம் வந்த பின் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும். தளர்ந்த யு-போல்ட்டை முறுக்கலாம். உடைந்த ஒரு வில் பட்டையைத் தனியே மாற்றலாம். அடைத்த காற்றுத் துளையைச் சுத்தம் செய்யலாம்.

பேரிங்கைச் சரிசெய்ய வழியே இல்லை, மாற்றத்தான் வேண்டும். டேப்பர் பேரிங்காக இருந்தால் உள் கோனையும் வெளிக் கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 1898-ல் இந்த வகைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கென் ஒரு குதிரை வண்டி தயாரிப்பாளர். மேலிருந்து விழும் பாரத்தையும், திரும்பும்போது பக்கவாட்டில் வரும் அழுத்தத்தையும் சரிவான இரு பரப்புகள் ஒன்றாகத் தாங்குவதே அதன் தத்துவம். பழைய கப்பில் புதுக் கோனைப் போட்டால் தேய்ந்த படிக்கல்லோடு புதுத் தராசை வைத்த கதைதான்.

வளைந்த, முறுக்கிய ஆக்சில் ஷாஃப்ட்டைச் சூடு காட்டி நிமிர்த்துவதோ வெல்டிங் வைப்பதோ கூடாது. அந்த எஃகுக்குத் தொழிற்சாலையில் கொடுத்த பதம் சூட்டில் கெட்டுவிடும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வெடிப்பு வளரும். அதேபோல் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்தபோது, புள்ளி குத்தி இறுக்குவதும் தகடு வைப்பதும் சில நாள் ஓட்டத்துக்குத்தான் உதவும். அடுத்த பேரிங்கையும் அது தின்றுவிடும்.

ஆயில் சீலைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். புதுச் சீலும் சில நாளில் கசிந்தால், பேரிங் ஆட்டமா, காற்றுத் துளை அடைப்பா என்று பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் மாற்றினால் செலவு மீண்டும் மீண்டும் வரும்.

பட்டறையில் நாம் கவனிக்க வேண்டியவை

புது பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் பாதையில் பள்ளம் விழும். பிரஸ் உள்ள பட்டறையில் ஏற்றுவதே முறை. பழைய கிரீஸை முழுவதும் கழுவி எடுத்த பின்பே புதியது வைக்க வேண்டும். பேரிங்கின் இடுக்குகளில் கிரீஸ் நன்றாக ஏற வேண்டும், ஆனால் குடத்தையே நிரப்பி அடைத்தால் சூடேறும். நட்டை அதிகம் இறுக்கினாலும் கேடு, தளர விட்டாலும் கேடு. கம்பெனிப் புத்தகத்தில் சொன்னபடி வைத்து, புதுப் பூட்டு ஊசி போட வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒரு முறை சோதிப்பது நல்லது.

பருப்பில் கலப்படம் பார்க்கத் தெரிந்த நமக்குப் போலி பேரிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் போன கம்பெனி அட்டையில் மட்டரகச் சரக்கு வருகிறது. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள் ஆகியவற்றைப் பேரேடு எழுதுவது போல ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வண்டி ஓட்டுகிறவர் நம் பிள்ளையாகவும் இருப்பார், நம்மை நம்பி வேலைக்கு வந்த பிறர் பிள்ளையாகவும் இருப்பார். அவர் "சத்தம் வருது முதலாளி" என்று சொன்னால், "இந்த நடை போய்விட்டு வா" என்று சொல்லாமல் அன்றைக்கே சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்போம். கிடங்கில் ஏற்றும் நாமும் அளவோடு ஏற்றுவோம்.