சுமத்ரா காற்று அடிக்கும்போது கைப்பேசியில் காற்றழுத்தம் பார்ப்பது எப்படி?

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையில், மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா புயல்காற்று பினாங்கை உலுக்கும். கதவு தானாக அறைந்து சாத்தும். தகரக் கூரை படபடக்கும். காற்றழுத்தம் நொடிக்கு நொடி ஏறி இறங்குவதுதான் காரணம். அதைப் பார்க்கத் தனிக் கருவி வேண்டாம், அழுத்த உணரி உள்ள கைப்பேசி போதும். மலிவு விலைப் பேசிகள் பலவற்றில் இந்த உணரி இருக்காது. ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இறக்கி, அழுத்தம் அளக்கும் பகுதியைத் திறந்தால் உங்களுடையதில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முதலில் லிஃப்டில் சோதியுங்கள். பதிவை ஓடவிட்டுப் பத்து மாடி ஏறுங்கள். மாடிக்கு மூன்று மீட்டர் என்றால், திரையில் வரும் அழுத்தக் கோடு சுமார் 3.4 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) இறங்க வேண்டும்.

வானிலை ஆய்வுத் துறை இடிமழை எச்சரிக்கை விட்டதும், ஏர்கானையும் காற்று வெளியேற்றும் விசிறியையும் நிறுத்திவிட்டு, பேசியைச் சன்னலிலிருந்து தள்ளி மேசையில் வையுங்கள். காற்று நேராகப் பட்டால் அளவு பொய்யாகும். பிறகு தொடவே கூடாது: மேசையிலிருந்து காதுக்கு எடுத்தாலே 0.1 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும், அதுவே ஒரு சிறு காற்றடிபோலத் தெரியும்.

இனிக் கோட்டைப் படிப்போம். மெல்லிய சரிவைப் புயல் என்று எண்ண வேண்டாம். நம் வட்டாரத்தில் அழுத்தம் தினமும் காலை 11 மணியை ஒட்டி உச்சத்துக்கும் மாலை 5 மணியை ஒட்டித் தாழ்வுக்கும் போய்வரும். சில நிமிடங்களில் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றால், மழை மேகத்திலிருந்து இறங்கிய குளிர்காற்று வந்துவிட்டது. அதன்மேல் நொடிக்கணக்கில் துள்ளும் முட்கள்தான் காற்றடி. ஜார்ஜ் டவுனுக்கு மேற்கே மலைகள் இருப்பதால், அவற்றைத் தாண்டி வரும் காற்று சுழன்று சுழன்று விட்டுவிட்டு அடிக்கும். முட்கள் ஒழுங்கில்லாமல் வருவது அதனால்தான். நடுமுற்றம் திறந்த பழைய கடைவீடுகளில் வெளியழுத்தம் தடையின்றி உள்ளே வரும். அடைத்த அடுக்குமாடி அறையில் முட்கள் மழுங்கியிருக்கும்.

இந்த முட்களின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு சுவரில் நேராக மோதினால் சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ எடை. 72 கிலோமீட்டரில் 24 கிலோ. இரண்டு சதுர மீட்டர் கதவை 48 கிலோ தள்ளுகிறது என்றால், விரலை நசுக்காமல் விடுமா?

கூரைக்கு ஆபத்து வேறு வகை. மேலே ஓடும் காற்று தகரத்தை உறிஞ்சும்; காற்று வரும் பக்கத்துச் சன்னல் திறந்திருந்தால் உள்ளேயிருந்தும் தள்ளும். அழுத்தம் சமமாகட்டும் என்று சன்னலைத் திறந்துவைக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். மேற்குப் பக்கத்தை முதலில் சாத்துங்கள், பிறகு மற்றவை. தகரத் திருகுகளை வெயில் நாளிலேயே பார்த்து இறுக்கிவிடுங்கள்.