நாய் சொல்வதும் நாம் கேட்பதும்

“எங்க வீட்டு நாய்க்கு நாங்க பேசுறது எல்லாம் புரியும் டீச்சர்” என்று சொல்லும் குழந்தை எந்த வகுப்பிலும் உண்டு. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் இன்னும் அதிகம். தோட்டத்துக்கும் ஆட்டுக் கிடைக்கும் அங்கே நாய்தான் காவல். “புரியுதுன்னு எப்படித் தெரியும்?” என்று அந்தக் குழந்தையிடம் கேட்டால் போதும், அறிவியல் பாடம் தொடங்கிவிடும்.

நாயின் அறிவை மெச்சுவது நமக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் வீரனோடு அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் ‘கோவிவன்’ என்று கல்வெட்டே சொல்கிறது. இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். ஆளுக்கொரு நாயின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

சரி, நாய்க்கு உண்மையில் என்ன புரிகிறது? கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் தெருநாய்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டார்கள். மூடிய இரண்டு கிண்ணங்களை வைத்து, ஆய்வாளர் ஒன்றை மட்டும் கையால் சுட்டிக்காட்டினார். ஏறக்குறையப் பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. மனிதரிடம் அடிபட்ட அனுபவம் அவற்றுக்கு இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. துணிந்து வந்தவற்றில் சுமார் 80 விழுக்காடு, சுட்டிய கிண்ணத்தையே தேடிப் போயின. யாரும் பழக்காத தெருநாய்கள் அவை!

சொல்லைப் பற்றியும் ஆய்வு உண்டு. ஹங்கேரியில் நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பாராட்டுச் சொற்களையும் பொதுவான சொற்களையும் வெவ்வேறு குரலில் கேட்கச் செய்தார்கள். பாராட்டுச் சொல்லும் பாராட்டும் குரலும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி தூண்டப்பட்டது. 2016இல் வெளியான முடிவு இது. வெறும் கொஞ்சல் மட்டும் அதற்குப் போதவில்லை. நம் ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அவற்றைக் கைச்சைகையால்தான் பழக்க வேண்டும். நாய் நம் உடலையும் கூர்ந்து பார்க்கிறது என்பதால்தான் அது முடிகிறது.

நாய் நம்மைப் படிக்கும் அளவுக்கு நாம் நாயைப் படிக்கிறோமா என்பது வேறு விஷயம். செருப்பைக் கடித்த நாய் காதை மடக்கி, வாலை ஒடுக்கி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. “பாரு, தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது” என்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். தவறே செய்யாத நாயும், உரிமையாளர் திட்டியதும் அதே முகத்தைக் காட்டியது. அது குற்ற உணர்வின் முகம் அல்ல. எதிரில் நிற்பவரின் கோபத்துக்கான பதில். (தலை குனிந்து நிற்கும் மாணவனைப் பார்த்து நாம் செய்யும் முடிவுகளும் நினைவுக்கு வருகின்றன.)

இந்தத் தவறான வாசிப்பில் அதிகம் கடி வாங்குவது குழந்தைகள். வால் ஆடினால் சந்தோஷம் என்று நம்பிக் கட்டிப்பிடிக்கப் போகிறார்கள். குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. உடல் விறைத்து, வால் உயர்ந்து சிறிதாக ஆடினால் அது நட்பு அல்ல. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, உதட்டை நக்குதல், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தல், அப்படியே உறைந்து நிற்றல் எல்லாம் “விலகிப் போ” என்பதன் வடிவங்கள். உறுமலும் எச்சரிக்கைதான். உறுமியதற்காக அடித்தால், அடுத்த முறை அது எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் இதை ஒரு செயல்பாடாகத் தரலாம். நோட்டில் இரண்டு பத்தி: ‘பார்த்தது’, ‘நினைத்தது’. “அப்பா வந்ததும் வால் ஆடியது, காது பின்னால் போனது” என்பது முதல் பத்திக்கு. “அப்பாவைப் பிடிக்கும்” என்பது இரண்டாவதற்கு. முதல் நாள் எல்லாரும் எல்லாவற்றையும் இரண்டாம் பத்தியில்தான் எழுதுவார்கள். ஒரு வாரத்தில் மாறும். உற்றுநோக்கலையும் ஊகத்தையும் பிரிக்கக் கற்பிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 28, உலக வெறிநாய்க்கடி நோய் தினத்தை ஒட்டி இதைச் செய்தால், இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ வீட்டில் மறைக்கக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கி, எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்கும் குழந்தைகள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள்.

உற்றுநோக்கல் வீட்டு நாயோடு மட்டும், பெரியவர் உடன் இருக்கும்போது, பத்து நிமிடம் போதும். சாப்பிடும் நாயும் குட்டி ஈன்ற நாயும் வேண்டாம். நாய் வளர்க்காத வீட்டுக் குழந்தைகள் ஆட்டையோ கோழியையோ பார்த்து எழுதட்டும்.