வண்ணத்துப்பூச்சியும் வெர்னியர் காலிப்பரும்

பூமி சூடாகிக்கொண்டு வருகிறது என்று எல்லோரும் பேசுகிறோம். சரி, அந்தச் சூடு ஓர் உயிரினத்தை எப்படி மாற்றியிருக்கிறது என்று அறிய, நூறு வருடத்துக்கு முன் அது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டாமா? யாரைப் போய்க் கேட்பது? செத்துப்போன பூச்சிகளைத்தான்!

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கோடிக்கணக்கான பூச்சிகள் குண்டூசியில் குத்திப் பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னச் சீட்டு. பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் அதில் இருக்கும். அந்தச் சீட்டில்தான் விஷயமே இருக்கிறது. பிரிட்டனில் வண்ணத்துப்பூச்சிகளை முறைப்படி ஆண்டுதோறும் எண்ணும் திட்டம் 1976-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்கு இந்தப் பெட்டிகளே பெரிய ஆதாரம்.

செய்முறை

சீட்டைக் கழற்றிப் பூச்சியின் பக்கத்தில் வைத்து, ஓர் அளவுகோலும் தெரியும்படி போட்டோ எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. பிறகு கையெழுத்தைப் படித்து, இடம், தேதி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். இப்படி ஏறிய வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 1,80,000.

அளப்பது எப்படி?

வெர்னியர் காலிப்பரை வைத்தால் இறகு நொறுங்கிவிடும். ஆகவே 'மோத்ரா' என்ற புரோகிராம் படத்திலேயே அளக்கிறது. படத்தில் அளவுகோலின் 10 மி.மீ. 400 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 மி.மீ. = 40 பிக்சல். இறகு 720 பிக்சல் என்றால் 720 ÷ 40 = 18 மி.மீ. நம்ம முதலாண்டுக் கணக்குதான்!

என்ன தெரிந்தது?

1876 முதல் 1999 வரை பிடித்த நான்கு இனங்களின் 2,630 பூச்சிகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியானது. வசந்தம் வெதுவெதுப்பாக இருந்த ஆண்டுகளில் அவை முன்னதாகவே பறக்கத் தொடங்கியிருந்தன. பூச்சி முந்திக்கொண்டு, அதன் புழு தின்னும் செடி முந்தவில்லையென்றால் பட்டினிதான். மோத்ரா கொண்டு செய்த ஆய்வு 2023-இல் வந்தது. புழுப் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் வெப்பம் கூடினால், பல இனங்களில் வளர்ந்த பூச்சியின் அளவும் கூடியிருப்பதை அது காட்டியது.

ஜீரோ எரர் கவனம்!

பூச்சி பிடித்தவர்கள் தங்களுக்கு வசதியான இடத்தில், வசதியான நாளில் பிடித்தார்கள். அரிய பூச்சி என்றால் கூடுதல் ஆசை. ஆகவே பெட்டியில் இல்லாத பூச்சி அன்று ஊரிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கருவியின் பிழையைக் கழிப்பது போல இதையும் கணக்கில் சேர்த்தே முடிவுக்கு வரவேண்டும்.

ஏன் அவசரம்?

2018 செப்டம்பர் 2-ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் தீப்பிடித்தது. சுமார் 50 லட்சம் பூச்சிகள் சாம்பலாயின. படம் எடுத்துவைத்திருந்தாலும் அந்தப் பூச்சிகள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் இடமும் தேதியும் அளவும் மிஞ்சியிருக்கும். எரிந்த சீட்டை இனி யாராலும் எழுத முடியாது.

நண்பர்களே, அந்தச் சீட்டு எழுதியவர்களில் பலருக்குப் பூமி சூடாகும் கதை தெரியாது. பார்த்ததை இடமும் தேதியும் போட்டு எழுதினார்கள், அவ்வளவுதான். லேப் ரெக்கார்டில் தேதி எதற்கு என்று இனிமேல் யாராவது கேட்டால், இந்த வண்ணத்துப்பூச்சியைக் காட்டுங்கள்!